எட்டு அவுன்ஸ் தாகம்

எம்.டி. அறைக்குள் கேன்டீன் ஜெபமணி அக்கா வந்து நின்றபோது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கப் இருந்தது. வெள்ளை கப். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, சுற்றிலும் சிவப்பாக ஒரு கோடு. உள்ளே ஒன்றுமில்லை. அடியில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அயர்ன் டேபிளுக்கு இன்னைக்கும் பத்தல சார். மாரியப்பன் கண்ணு இருட்டுதுன்னு தரையில உக்காந்துட்டான்" என்றார்.

மேஜைக்கு எதிரே சம்பத் சார் உட்கார்ந்திருந்தார். எங்கள் கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் போடும் சட்டதிட்டங்களை நாங்கள் ஒழுங்காகப் பின்பற்றுகிறோம் என்று காட்டுவதற்காக கோயமுத்தூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர். கோபமே வராது. குரல் உயராது. அது நல்ல குணம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நாம குடுக்கறது சரியா குடுக்கறமுங்க. ஆளுக கணக்கும் சரியா இருக்குதுங்க. அப்பறம் எப்படீங்க பத்தாம போகும்? ஜூஸ் எங்கீங்க போச்சு?"

எங்கள் ஊரில் ஒருவரைத் திருடி என்று சொல்வதாக இருந்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் சொல்வோம். மரியாதை முக்கியம்.

நான் ஓரமாக, கையெழுத்துக்குக் கொண்டுவந்த, நிறம் பார்க்கும் சாயத் துண்டுகளோடு நின்றிருந்தேன். அக்காவின் முகம் சிவந்ததைப் பார்த்தேன்.

"எம்மேல சந்தேகம்னா நேரா சொல்லிருங்க சார். சுத்தி வளைக்காதிய" என்றார்.

போன வாரம் இந்தப் பத்தியில் ஜிப் தைப்பதைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "அத்தனை வருஷம் பனியன் கம்பெனியில் இருந்தீர்களே, துணியைத் தவிர அங்கே வேறெதுவும் நடக்கவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நடந்தது அம்மா. ஜூஸ் நடந்தது.

தாகத்துக்கு ஒரு சட்டம்

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா ஒழிந்து, இனி உலகமே நமக்குத்தான் என்று திருப்பூரில் எல்லோரும் கார் மாற்றிக்கொண்டிருந்த காலம். எங்கள் கம்பெனி முதலிபாளையத்தில் இருந்தது. பெரிய கம்பெனி இல்லை. முதலாளி தொடங்கி வாசல் பெருக்குபவர் வரை நூற்று அறுபது பேர். நான் அதில் மெர்ச்சன்டைசர். அமெரிக்காவிலிருந்து வரும் மெயிலைப் படித்து, அதில் கேட்டிருப்பதை இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லி, இங்கே நடக்காததை நடந்துகொண்டிருப்பதாக அங்கே பதில் எழுதுவதுதான் அந்த வேலை.

கம்பெனியின் கடைசி மூலையில் அயர்னிங் செக்‌ஷன். தைத்து, பரிசோதித்து வரும் டி-ஷர்ட்டுகளை இருபது பேர் நின்றுகொண்டே ஸ்டீம் அயர்னில் தேய்த்து பேக்கிங்குக்கு அனுப்புவார்கள். ஆவி உஸ் உஸ்ஸென்று சீறும். மேலே தகரக் கூரை. பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கம் ஒரு தடவை போய்வந்தாலே என் சேலை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் நாள் முழுக்க நின்றார்கள்.

கேன்டீனை நடத்தியவர் ஜெபமணி அக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். யாரும் சொல்லாமலேயே வெயில் காலத்தில் ஒரு தூக்குவாளி நிறைய மோரைக் கரைத்து, உப்பும் கறிவேப்பிலையும் போட்டு, பதினோரு மணிவாக்கில் அயர்ன் டேபிளுக்குக் கொண்டுபோவார். அதற்கு அளவெல்லாம் கிடையாது. போதும் என்று கையைக் காட்டினால் நிறுத்துவார். காட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்.

இவ்வளவு ஒழுங்கற்ற ஓர் ஏற்பாட்டை அமெரிக்கா எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்?

ஒரு நாள் மெயில் வந்தது. வெயில் காலத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும், காலையில் ஒன்று மதியத்தில் ஒன்றாக, எட்டு அவுன்ஸ் சத்துப் பானம் கொடுக்க வேண்டும். அளவு குறித்த தனிக் கோப்பையில் கொடுக்க வேண்டும். ஆடிட் வரும்போது காட்ட வேண்டும்.

நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. எங்கள் கம்பெனிக்குள் வரும்வரை எல்லாமே நல்ல விஷயமாகத்தான் இருந்தது.

சம்பத் சார் எடுத்த முதல் நடவடிக்கை, மோரை நிறுத்தியது. "ஒரே ஆளுக்கு ரெண்டு பானம் குடுத்தா ஆடிட்ல கேள்வி வருமுங்க" என்றார். அக்கா தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தார்.

நான்கு கால்குலேட்டர்

எட்டு அவுன்ஸ் என்றால் எவ்வளவு? இதற்கென்று ஒரு மீட்டிங். எம்.டி., சம்பத் சார், துணிப் பிரிவு மேனேஜர், நான். நாலு பேர் முன்னாலும் நாலு கால்குலேட்டர்.

இந்த இடத்தில் துணியைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும், வாசகி மன்னிக்க. துணி எவ்வளவு கனம் என்பதை அமெரிக்கக்காரர் அவுன்சில் சொல்வார். ஒரு சதுர கெஜம் துணி இத்தனை அவுன்ஸ் என்று. நாங்கள் கிராமில் சொல்வோம். ஒரு சதுர மீட்டர் இத்தனை கிராம் என்று. அவர் சொல்வதை எங்கள் கணக்குக்குக் கொண்டுவர 33.9-ஆல் பெருக்க வேண்டும். திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைச் சொல்லித் தருவார்கள். அதற்கப்புறம் பெற்ற பிள்ளையின் பிறந்த நாள் மறந்தாலும் 33.9 மறக்காது. அவுன்ஸ் என்ற சொல் காதில் விழுந்தால் விரல் தானாக அந்த எண்ணைத் தட்டும்.

தட்டியது. நாலு பேரும் ஒரே சமயத்தில் தட்டினோம்.

"இருநூத்தி எழுபத்தொண்ணு" என்றார் துணி மேனேஜர்.

"எனக்கும் அதேதானுங்க" என்றார் சம்பத் சார்.

"இருநூத்தி எழுபத்தொண்ணு புள்ளி ரெண்டு" என்றேன் நான். படித்தவள் இல்லையா, புள்ளியை விட மனம் வரவில்லை.

"அந்தப் புள்ளிய உட்ருங்க கண்ணு" என்றார் எம்.டி. பெருந்தன்மையாக.

தண்ணீர் என்ன துணியா, இதில் கெஜம் எங்கே வந்தது, மீட்டர் எங்கே வந்தது என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாலு பேருக்கும் ஒரே விடை வந்துவிட்டால் திருப்பூரில் அதுதான் சரியான விடை. இரண்டு பேருக்கு வேறு வேறாக வந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்போம்.

அளப்பது என்ற பழக்கமே எங்களுக்குப் புதிது என்பதையும் சொல்ல வேண்டும். கரும்பு ஜூஸ் கடையில் ஐஸ் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். முக்கால் டம்ளர்தான் வரும், மீதி ஐசாம். என் மாமனார் வீட்டில் சம்பந்தி வந்தால் பெரிய டம்ளரில் காபி. சீட்டுப் பிடிக்கிறவர் வந்தால் நடு டம்ளர். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் தண்ணி கேட்டால் அதற்கென்று நசுங்கிய ஒரு டம்ளர் வாசல் ஜன்னலிலேயே இருக்கும். வந்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் அளவு தானாகத் தெரிந்துவிடும். நாலு தலைமுறையாக நெசவு செய்த குடும்பம், நூலை எண்ணத் தெரியும், அதனால் இந்த அளவிலும் ஒரு நாளும் தவறு நடந்ததில்லை.

சீல் வைத்த கப்

எங்கள் சாயப்பட்டறை லேபிலிருந்து கண்ணாடி அளவு ஜாடி வந்தது. சாயம் ஒரு சொட்டு கூடினாலும் நிறம் மாறிவிடும் என்பதால் அந்த ஜாடி அவ்வளவு துல்லியம். லேப்காரர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சரியாக இருநூற்று எழுபத்தொன்று மில்லி தண்ணீரை கப்பில் ஊற்றினார். அது நின்ற இடத்தில் பென்சிலால் குறித்தார். அந்தக் குறியில் சிவப்புக் கோடு பிரிண்ட் அடித்தோம். அசையாத கோடு. எத்தனை தடவை கழுவினாலும் போகாது. தப்பான இடத்தில் அத்தனை சரியாகப் போட்ட ஒரு கோட்டை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

சாம்பிள் ரெடியானால் அப்ரூவல் வாங்க வேண்டும். இது எங்கள் தொழிலின் வேதம். ஒரு டி-ஷர்ட் தைத்து அனுப்புவோம். பையர் பார்த்து, சரி என்றால் அதில் ஒரு சீட்டைக் கட்டிக் கையெழுத்துப் போட்டு சீல் வைத்து அனுப்புவார். அதுதான் அப்ரூவ்டு சாம்பிள். அதற்கப்புறம் அதில் ஒரு தையல் கோணலாக இருந்தாலும் லட்சம் பீஸிலும் அந்தக் கோணல் வர வேண்டும். நேராகத் தைத்துவிட்டால் ரிஜெக்ட்.

பையரின் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் ஆடிட்டுக்கு வந்தார். கப்பைக் கையில் எடுத்து, "எட்டு அவுன்ஸா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம். இருநூத்தி எழுபத்தொண்ணு" என்றார் சம்பத் சார்.

மேடம் தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். அவரும் துணியில் பழம் தின்று கொட்டை போட்டவர்தானே. கப்பில் சீட்டு கட்டி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தார். எம்.டி. அறையில் கண்ணாடி அலமாரிக்குள் அது போய் உட்கார்ந்தது, சென்னிமலை முருகன் படத்துக்குப் பக்கத்தில்.

கடைசி வரிசை

பானம் எது? அதற்கும் பையரே ஒரு பவுடரைச் சிபாரிசு செய்திருந்தார். கோயமுத்தூர் டீலர் ஒருவர் கொண்டுவந்தார். ஆரஞ்சு ஜூஸ் என்று பெயர். நிறம் ஆரஞ்சு. மற்றபடி ஆரஞ்சுப் பழம் அந்த விவகாரத்தில் சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒரு பாக்கெட் பவுடரை ஒரு காலன் தண்ணீரில் கலக்க வேண்டும். காலன் அளக்க ஒரு ஜக்கும் கொடுத்தார்கள். ஒரு காலன், எட்டு அவுன்ஸ் வீதம் பதினாறு பேருக்கு வரும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. நூற்று அறுபது பேருக்குப் பத்து காலன். ஒரு வேளைக்குப் பத்து பாக்கெட் என்று சம்பத் சார் எண்ணிக் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் ஒன்று கிடையாது.

பெரிய எவர்சில்வர் டிரம்மைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அக்கா கிளம்புவார். முதலில் ஆபீஸ். ஏசி அறையில் உட்கார்ந்து களைத்துப்போயிருக்கும் எங்களுக்குத்தானே முதலில் வேண்டும்? பிறகு கட்டிங், தையல் லைன்கள், செக்கிங். கடைசியில் அயர்னிங். கோடு வரைக்கும், ஒரு நூலும் கூடாமல் குறையாமல் ஊற்ற வேண்டும் என்பது உத்தரவு. அப்படியே ஊற்றினார்.

செக்கிங் டேபிள் முடியும்போது டிரம்மும் முடிந்தது.

முதல் நாள், கலக்கும்போது சிந்தியிருக்கும் என்றார்கள். இரண்டாம் நாள், டிரம் குழாய் ஒழுகியிருக்கும் என்று குழாயை மாற்றினார்கள். அப்புறமும் தினமும் அதே இடத்தில், அதே மாதிரி, அயர்ன் டேபிளுக்கு முன்னால் டிரம் காலி. மோரும் போய், ஜூஸும் வராமல் இருபது பேரும் ஆவிக்குள் நின்றார்கள்.

அப்போதுதான் சம்பத் சாருக்கு ஞானம் வந்தது. வெளியே தைக்கக் கொடுத்த துணி குறைந்து திரும்பி வந்தால் நாங்கள் என்ன நினைப்போம்? தைக்க வாங்கிப்போனவர் எடுத்துக்கொண்டார் என்று. துணிக்கு உண்டென்றால் ஜூஸுக்கும் உண்டுதானே? ஜூஸைத் தொடுகிற கை ஒன்றே ஒன்று. அந்தக் கை தூத்துக்குடியிலிருந்து வந்தது.

நான் தொடக்கத்தில் சொன்ன அந்த நாள் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பை பார்த்தல்

"யார் மேலயும் சந்தேகம் இல்லீங்க. ஒரு சிஸ்டம் போட்டுக்கலாமுங்க" என்றார் சம்பத் சார், அக்கா வெளியே போன பிறகு.

சிஸ்டம் என்னவென்றால், அக்கா ஊற்றும்போது பக்கத்திலேயே ஒரு செக்யூரிட்டி நடப்பார். சாயங்காலம் கேட்டில் அக்காவின் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள். பையில் என்ன இருக்கும்? ஒரு டிபன் டப்பா, ஒரு ஜெபமாலை, காய்கறி வாங்க மடித்து வைத்த ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர் பாட்டில். செக்யூரிட்டி அந்த பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். ஷிப்ட் விட்டு எல்லோரும் வரிசையாக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

"இந்தச் சாயத் தண்ணிய வீட்டுக்குக் கொண்டு போயி நான் என்ன செய்யப் போறேன்? எம் புள்ள இத மோந்துகூடப் பாக்க மாட்டான், நீரு மோந்து பாக்கீரு" என்று அக்கா அந்த ஆளிடம் சொன்னதைக் கேட்டேன். குரலில் சிரிப்பு இருந்தது. பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது வேறு. இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டின்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாரியப்பன் கேக்கான்ம்மா. 'அக்கா, வெளிய யாருக்கும் குடுக்கியளா?'ன்னு. அவன் கேட்டுட்டான். மோரு ஊத்துன கையிம்மா இது."

எனக்கு அவர் மேல் துளி சந்தேகமும் கிடையாது. ஆனால் ஜூஸ் எங்கே போகிறது என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் கிடையாது.

"இந்த வாரம் பாப்பேன். அதுக்கு மேல இந்தப் பேரோட இங்க இருக்க மாட்டேன். திருடின்னு பேரு வாங்கிட்டு வேற எந்தக் கம்பெனிக் கேட்டுல போயி நிப்பேன்?"

முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் தும்மினால் அடுத்த கம்பெனியில் கேட்கும். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

பால் பாட்டில்

அப்போது என் மகளுக்கு ஒரு வயது நிரம்பவில்லை. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் அவர் உள்ளே வரும்போது நான் வெளியே போவேன். நடுவில் இருக்கும் கால் மணி நேரத்தில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அன்பு, சண்டை, பால் பவுடர் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் பால் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்த என் நாத்தனார் வாங்கிக் கொடுத்த புது பாட்டில்.

"ஏன் அம்மிணி, எட்டு வரைக்கும் ஊத்தச் சொன்னியே, எதுல இருக்கற எட்டு? இந்தப் பக்கம் ஒண்ணு போட்டிருக்கறான், அந்தப் பக்கம் ஒண்ணு போட்டிருக்கறான்."

"ஏனுங்க, பாட்டிலுக்கு எதுக்குங்க ரெண்டு பக்கம்?" என்று அலுப்போடு வாங்கிப் பார்த்தேன்.

ஒரு பக்கம் மில்லி. மறுபக்கம் அவுன்ஸ். எட்டு அவுன்ஸ் கோட்டுக்கு நேர் எதிரே போட்டிருந்தது: 240.

ஹாரன் மறுபடியும் அடித்தது. நான் அந்த பாட்டிலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இருநூற்று எழுபத்தொன்று எங்கே, இருநூற்று நாற்பது எங்கே? ஒவ்வொரு கப்பிலும் இரண்டு மடக்கு கூடுதலாக ஊற்றச் சொல்லியிருக்கிறோம். பதினாறு பேருக்கு உண்டான காலன் பதினாலு பேரிலேயே தீர்ந்துவிடுகிறது. ஒரு காலனுக்கு இரண்டு பேர். பத்து காலனுக்கு?

இருபது பேர். அயர்ன் டேபிள்.

மகளுக்குப் பழைய பாட்டிலில் கலக்கச் சொல்லிவிட்டுப் புதியதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

எம்.டி. அறையில், சாயத் துண்டுகளுக்கும் வெளிநாட்டு கேட்டலாக்குகளுக்கும் நடுவே அதை எடுத்து வைத்தபோது ஆண்கள் மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். உள்ளாடை ஏற்றுமதி செய்கிறவர்கள். பால் பாட்டிலைப் பார்த்து வெட்கப்பட்டார்கள்.

அக்காவை ஜூஸோடு வரச் சொன்னேன். சிவப்புக் கோடு வரைக்கும் கப்பில் ஊற்றினார். அதை வாங்கி பாட்டிலுக்குள் விட்டேன். எட்டைத் தாண்டியது. கழுத்து வரை ஏறியது. கப்பில் இன்னும் மிச்சம் இருந்தது. அதையும் விட்டேன். வழிந்து மேஜைக் கண்ணாடியில் ஆரஞ்சாக ஓடியது.

"முப்பத்தி மூணு புள்ளி ஒன்பது துணிக்குங்க. தண்ணிக்கு இல்லீங்க" என்றேன்.

துணி மேனேஜர் தன் கால்குலேட்டரை எடுத்து ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எம்.டி.க்கு உடனே புரிந்துவிட்டது. தொழிலில் ஊறியவர். எழுந்து அலமாரியைப் பார்த்தார். உள்ளே முருகனும் கப்பும்.

"சீல் வெச்சாச்சேங்க. இனி கோட்ட எறக்குனா, ஏன் எறக்குனீங்கன்னு கேப்பாங்க. தப்பா அப்ரூவல் பண்ணீட்டீங்கன்னு அந்த மேடத்துகிட்ட யார் சொல்றது? கப்பு இப்படியே இருக்கட்டும். பவுடர எச்சாப் போட்ருங்க."

இதுதான் எங்கள் ஊர். ஆயிரம் பீஸ் ஆர்டருக்கு ஆயிரத்து ஐம்பது வெட்டுவோம், வீணாவதற்கும் சேர்த்து. தாகத்துக்கும் எக்ஸ்ட்ரா கட்டிங்.

"பவுடரு அடுத்த வாரந்தானுங்க வரும். அது வரைக்கும் பழையபடியே ஓட்டிக்கலாமுங்க" என்றார் சம்பத் சார்.

பழையபடி என்றால் அயர்ன் டேபிளுக்கு இல்லை என்று பொருள். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலேயே எல்லோருக்கும் புரியும்படிப் பேசுவதில் அவர் கெட்டிக்காரர்.

அக்கா அங்கேயே நின்றிருந்தார்.

"அப்ப நான் எடுக்கல" என்றார்.

"நீங்க எடுத்தீங்கன்னு யாருங்க சொன்னா? ஷார்ட்டேஜ்னுதானுங்களே சொன்னோம்."

"எல்லாரு முன்னாலயும் என் பையப் பிரிச்சிய சார். அயர்ன் டேபிள் ஆளுவ என்னத் திருடின்னு பாக்காவ. அங்க வந்து ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"இனிமேல் பை பாக்க வேண்டாம்னு செக்யூரிட்டிகிட்டச் சொல்லிர்றனுங்க."

"அது சரி சார். அங்க வந்து சொல்லுவியளா?"

சம்பத் சார் மேஜையில் ஓடிய ஜூஸை ஒரு காகிதத்தால் ஒற்றி எடுத்தார். ரொம்பக் கவனமாக எடுத்தார். அது முடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. கணக்கைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் வேனில் வரும்போது நினைத்திருந்தேன்.

கேக்கல சார்

மறுநாள் காலை, ஜூஸ் வரும் நேரம். வண்டிச் சத்தம் ஆபீஸ் பக்கம் வந்தது. வாசலைத் தாண்டியது. நிற்காமல் போனது.

எட்டிப் பார்த்தேன். கட்டிங், தையல், செக்கிங் எதிலும் வண்டி நிற்கவில்லை. நேராகக் கடைசி மூலைக்குப் போனது. அக்கா குழாயைத் திறந்து முதல் கப்பை மாரியப்பனிடம் நீட்டினார், சரியாகச் சிவப்புக் கோடு வரை. மாரியப்பன் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான். முகத்தை நிமிர்த்தாமல் குடித்தான்.

அங்கிருந்து செக்கிங். அப்புறம் தையல். அப்புறம் கட்டிங். ஒருவர் விடாமல் கோடு வரைக்கும் ஊற்றிக்கொண்டே வந்தார். பக்கத்தில் செக்யூரிட்டியும் நடந்தார். அவருக்குப் போட்ட உத்தரவு ஜூஸைப் பார்த்துக்கொள்வதுதான். எந்தப் பக்கமிருந்து ஊற்ற வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

கட்டிங் டேபிள் முடிந்தபோது டிரம்மும் முடிந்தது.

ஆபீசில் நாங்கள் எத்தனை பேர் என்று கேட்கிறீர்களா? எம்.டி., அக்கவுன்ட்ஸ், மெர்ச்சன்டைசர்கள், சம்பத் சார் என்று எண்ணினால் கிட்டத்தட்ட அதே இருபது பேர்தான்.

அக்கா உள்ளே வந்தார். காலி கப் ஒன்றை சம்பத் சாரின் மேஜையில் வைத்தார்.

"தீந்து போச்சு சார். கணக்கு சரியாத்தான் இருக்கும், பாத்துக்கிடுங்க. வேணும்னா என் பையப் பிரிச்சும் பாத்துக்கிடுங்க."

எனக்கும் ஜூஸ் இல்லை. அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் தாகமாக இருந்ததே கிடையாது.

சம்பத் சார் எம்.டி.யைப் பார்த்தார். எம்.டி. தன் முன்னால் இருந்த காலி கப்பைப் பார்த்தார். ஜூஸ் குடிக்காவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் திருப்பூரில் முதலாளிக்கு ஒன்று இல்லாமல் போவது சாதாரண விஷயமில்லை.

"போய்ச் சொல்லீட்டு வந்துருங்க சார்" என்றார் மெதுவாக.

சம்பத் சார் எழுந்தார். அக்கா முன்னால் போக, அவர் பின்னால் போனார். எனக்கும் அயர்ன் செக்‌ஷனில் பார்க்க வேண்டிய அவசர வேலை ஒன்று அந்த நிமிஷத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

தகரக் கூரைக்குக் கீழே நின்ற உடனேயே அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இருபது பேரும் வேலையை நிறுத்தவில்லை, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள். சம்பத் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வழக்கமான, உயராத குரலில் ஏதோ சொன்னார். உஸ்ஸென்று ஆவி சீறியது.

"கேக்கல சார்" என்றார் அக்கா.

அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். மாரியப்பன் ஆவி விடும் பெடலை மிதித்தான். உஸ்.

"இன்னும் கேக்கல."

சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. சம்பத் சார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, நாங்கள் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில், கட்டிங் டேபிள் வரைக்கும் கேட்கும்படிக் கத்தினார்:

"அந்தக்கா ஜூஸ் எடுக்கலீங்க! தப்பா அளந்தது நாங்கதானுங்க!"

மாரியப்பன் பெடலிலிருந்து காலை எடுத்தான். மற்றவர்களும் எடுத்தார்கள். அந்த செக்‌ஷன் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. மாரியப்பன் அக்காவைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவன் டேபிளிலிருந்த காலி கப்பை எடுத்துக்கொண்டார்.

"சரில, வேலையப் பாரு" என்றார்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு அந்த மூலைப் பக்கமாகப் போனேன். ஜூஸ் வண்டிக்குக் கீழ்த்தட்டில் ஒரு தூக்குவாளி இருந்தது. கறிவேப்பிலை வாசம் வந்தது. பக்கத்தில் நடந்த செக்யூரிட்டி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தச் சிவப்புக் கோடு போட்ட கப்பில்தான் மோரை ஊற்றினார். கோட்டைத் தாண்டி, விளிம்பு வரைக்கும் ஊற்றினார்.